ராக் பீச்சில் மணல் எங்கே போச்சு? புதுச்சேரி கடற்கரைச் சாலையின் 200 ஆண்டு கதை

தினமும் மாலை 6 மணிக்கு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை. மறுநாள் காலை 7.30 மணி வரைக்கும் அந்தச் சாலை நடப்பவர்களுக்கு மட்டும்தான். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் அப்பா, பஞ்சு மிட்டாய், பெங்களூரிலிருந்து வந்த காலேஜ் செட், கைத்தடியோடு மெதுவாக நடக்கும் பிரெஞ்சு பென்ஷன் தாத்தா எல்லாரும் ஒரே சாலையில்.

ஆனா ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? பீச்சுக்குப் போறோம்னு கிளம்பி வரும் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் உட்காருவது மணலில் இல்லை, கருங்கல்லில். அதனால்தான் அதற்கு 'ராக் பீச்' என்று பெயர். இந்தப் பாறைகள் இயற்கையாக அங்கே இருந்தவை அல்ல. லாரியில் கொண்டுவந்து கொட்டியவை. ஒரு காலத்தில் அங்கே நல்ல மணல் கடற்கரை இருந்தது. அது எங்கே போனது? இந்தச் சாலையின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

முதலில் உலாவ அல்ல, காவலுக்கு

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் 1674-ல் இங்கே வந்து இறங்கியபோது, கடற்கரை என்பது சரக்கு ஏற்றி இறக்கும் இடம். அவ்வளவுதான். பிறகு ஆளுநராக வந்த டூப்ளே, கடல் பக்கம் திறந்து கிடந்த ஊருக்கு அந்தப் பக்கமும் மதில் எழுப்பினார். கோட்டைச் செலவைக் குறைக்கச் சொல்லி பாரிஸிலிருந்து உத்தரவு வந்தும் அவர் வேலையை நிறுத்தவில்லை. 1748-ல் ஆங்கிலேயர்கள் நகரை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பிப் போனார்கள்.

அப்போதைய கடற்கரை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத்தான் புரட்ட வேண்டும். டூப்ளேயின் துபாஷியான அவர் 1736-ல் எழுதத் தொடங்கி 1761 வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, யார் இறங்கினார், என்ன சரக்கு வந்தது... கிட்டத்தட்ட இன்றைய லைவ் அப்டேட் மாதிரி பதிவு செய்திருக்கிறார்.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் தூரத்தில் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளும் சரக்கும் 'சலங்கு' என்ற படகில் அலையைத் தாண்டி கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலையில் மோதினாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். அதை ஓட்டியவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். ஆளுநரே வந்தாலும் அவர்கள் கையில்தான் உயிர்.

1761-ல் ஆங்கிலேயர்கள் நகரைப் பிடித்தார்கள். கோட்டை, மதில், மாளிகை எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு ஊர் மறுபடி கட்டப்பட்டது. அதற்குப் பின்னும் நகரம் பிரெஞ்சுக்காரர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறி மாறிப் போய், 1816-ல்தான் நிரந்தரமாக பிரான்சிடம் திரும்பியது. ஒரு நிபந்தனை இருந்தது: இனி கோட்டை கட்டக் கூடாது.

கோட்டை போனதால்தான் உலாவும் சாலை வந்தது என்று சொல்லலாம். கடலைப் பார்த்து பீரங்கி வைக்க வழியில்லாத ஊர், கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

கூர் சாப்ரோல் முதல் குபேர் சாலை வரை

1820-களில் பிரான்சின் கடற்படை அமைச்சராக இருந்தவர் சாப்ரோல். காலனிகள் எல்லாம் அந்த அமைச்சகத்தின் கையில்தான் இருந்தன. அவர் பெயரில்தான் கடற்கரைச் சாலை 'கூர் சாப்ரோல்' ஆனது. 'கூர்' என்றால் பிரெஞ்சில் உலாவுவதற்கான அகலமான சாலை. இன்று ஆங்கிலத்தில் 'புரொமனாட்' என்கிறோமே, அதுவும் பிரெஞ்சிலிருந்து போன சொல்தான்.

1836 ஜூலை 1-ல் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. 29 மீட்டர் உயரம். காந்தி சிலைக்கு எதிரே வெள்ளையாக நிற்கிறதே, அதுதான். 1979 வரை வேலை செய்தது. தெற்கே புதிய கலங்கரை விளக்கம் வந்ததும் ஓய்வு பெற்றது.

1855-ல் 'கப்ஸ் கோயில்' கட்டி முடிக்கப்பட்டது. கப்புச்சின் துறவிகளால் வந்த பெயர் அது. டூரிஸ்ட் கைடுகளில் 'நோத்ர தாம் தெ ஸான்ழ்' என்று போட்டிருக்கும், ஆனா ஊர்க்காரரிடம் அப்படி வழி கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். 1870-71-ல் நகராட்சிக் கட்டடம் வந்தது. பிரெஞ்சில் நகராட்சி மன்றத்துக்கு 'மேரி' என்று பெயர். மாதா மேரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

இதெல்லாம் யாருக்காக? கடலோரம் 'வெள்ளை நகரம்'. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே 'கறுப்பு நகரம்', அதாவது தமிழர் பகுதி. மாலையில் காற்று வாங்க வந்த சீமான்களும் சீமாட்டிகளும் வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்தவர்கள். சலங்கு ஓட்டியவர்களும் மூட்டை தூக்கியவர்களும் அதே கரைக்கு வந்தார்கள், வேலை செய்ய.

இன்னொரு கூட்டமும் இந்தக் கரை வழியாகப் போனது. 1850-களில் தொடங்கி மார்த்தினிக், குவாதலூப், ரீயூனியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலானோர் திரும்பவில்லை. அந்தத் தீவுகளில் இன்றும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் தூணும் சிலையும் நிறைய நிற்கின்றன. கப்பலேறிப் போனவர்களின் கதையை வழிகாட்டிகள் சொல்வது அபூர்வம்.

பாலம் வந்தது, புயல் கொண்டுபோனது

சலங்கை நம்பியே இருக்க முடியாது என்பதால் 1866-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டினார்கள். 250 மீட்டர் அளவுக்கு நீளம். மேலே தண்டவாளம், தள்ளுவண்டியில் சரக்கு. அந்தக் காலத்தில் இங்கிருந்து போன முக்கியமான சரக்கு எது தெரியுமா? வேர்க்கடலை! தென்னார்க்காடு மாவட்டத்தில் விளைந்தது மூட்டை மூட்டையாக மார்செய் நகருக்குப் போய், எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது.

சரக்கு வேலை நேரம் போக, பாலமே ஊரின் பொழுதுபோக்கு இடமாகவும் இருந்தது. கடலுக்கு நடுவில் நடந்துபோய் நிற்கும் சுகம் வேறு எங்கே கிடைக்கும்? பழைய பிரெஞ்சு அஞ்சல் அட்டைகளில் அதிகம் வந்த புதுச்சேரிக் காட்சிகளில் இந்தப் பாலமும் ஒன்று.

பாலத்துக்கு எதிரே இருந்த சதுக்கத்தில், 1870-ல் டூப்ளேக்குச் சிலை வைத்தார்கள். சுற்றிலும் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள். 1750-ல் செஞ்சிக் கோட்டையை பிரெஞ்சுப் படை பிடித்ததன் தொடர்ச்சியாக இங்கே வந்து சேர்ந்தவை அவை. எந்த மண்டபத்தையோ தாங்க வேண்டிய தூண்கள், கூரை இல்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

1952-ல் வந்த புயலில் இரும்புப் பாலம் சிதைந்தது. கடல் அமைதியாக இருக்கும் நேரத்தில் காந்தி சிலைக்கு நேர் எதிரே பார்த்தால், தண்ணீரிலிருந்து துருப்பிடித்த கம்பங்கள் எட்டிப் பார்க்கும். பாலத்தில் மிச்சம் அவ்வளவுதான். பிறகு தெற்கே தள்ளி இன்னொரு பாலம் கட்டப்பட்டது. கப்பல் போக்குவரத்து குறைந்து, கடைசியில் சினிமா ஷூட்டிங் ஸ்பாட்டாக மாறிய அந்தப் பாலமும் 2022 மார்ச் மாதம் கடல் சீற்றத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

பாரதி நடந்த கரை, சொல்தாக்களின் சின்னம்

ஆங்கிலேய அரசின் கைதுக்குத் தப்பி 1908-ல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். 10 ஆண்டுகள் இருந்தார். 1910-ல் அரவிந்தர் வந்தார். வ.வே.சு. ஐயரும் வந்தார். பிரிட்டிஷ் உளவாளிகள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த அந்த நாட்களில், இவர்கள் கூடிப் பேசிய இடங்களில் கடற்கரையும் ஒன்று. அன்று அங்கே உட்கார மணல் இருந்தது.

முதல் உலகப்போரில் பிரான்சுக்காகப் போரிட்டு இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம் 1938-ல் திறக்கப்பட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த புதுச்சேரிக்காரர்களை உள்ளூரில் 'சொல்தா' என்பார்கள். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. இன்றும் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் நகரில் இருக்கின்றன. ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாளில் நினைவுச்சின்னத்தில் விளக்கேற்றி மரியாதை செய்கிறார்கள். இந்தியாவில் இந்தக் காட்சியை வேறு ஊரில் பார்ப்பது கஷ்டம்.

யார் இந்த குபேர்?

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது.

சாலையின் இன்றைய பெயர் குபேர் அவென்யூ. செல்வத்துக்கு அதிபதியான குபேரன் இல்லை. எதுவார் குபேர் என்ற அரசியல்வாதி. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக இருந்தவர். முதலில் பிரான்சின் பக்கம் நின்றார். 1954 மார்ச்சில் அணி மாறி இணைப்புக்காக இறங்கினார். அவர் மாறியதும் ஆட்டத்தின் போக்கே மாறியது. 1963-ல் யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சரும் அவரே. பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான், 'குபேர் அங்காடி'. அவரைச் சந்தர்ப்பவாதி என்பாரும் உண்டு, சாமர்த்தியசாலி என்பாரும் உண்டு. சாலை மட்டும் அவர் பெயரில் நிலைத்துவிட்டது.

சதுக்கத்தில் டூப்ளே இருந்த இடத்துக்கு காந்தி வந்தார். சென்னை மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் இந்தச் சிலையையும் செய்தவர். உயரம் சுமார் 4 மீட்டர். செஞ்சித் தூண்கள் அப்படியே இருக்கின்றன. டூப்ளேயை உடைக்கவில்லை. தெற்கு முனையில் இருக்கும் சிறுவர் பூங்காவுக்கு இடம் மாற்றிவிட்டார்கள். எதிரியின் சிலையை என்ன செய்வது என்று உலகம் முழுக்க சண்டை போடும் காலத்தில், புதுச்சேரி கண்டுபிடித்த வழி இது: ஓரமாக நிற்கட்டும், பிள்ளைகள் சறுக்கு விளையாடட்டும்.

சரி, மணல் எங்கே போச்சு?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்காது. அது ஓடிக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் திரும்பி தெற்கே வரும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. ஒரு கடற்கரை நிலையாக இருக்கிறது என்றால், போகும் மணலுக்குச் சமமாக தெற்கிலிருந்து மணல் வருகிறது என்று அர்த்தம். வங்கிக் கணக்கு மாதிரிதான். வரவு நின்றால் இருப்பு கரையும்.

1980-களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் புதிய துறைமுகம் கட்டினார்கள். அதற்காகக் கடலுக்குள் நீட்டி இரண்டு தூண்டில் சுவர்கள். வடக்கே ஓடிவந்த மணலை அந்தச் சுவர் மறித்தது. சுவருக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே இருந்த நகரத்துக் கடற்கரை பட்டினி கிடந்தது. சேரும் மணலை வாரி வடக்குப் பக்கம் கொட்டுவதற்கும் திட்டத்தில் ஏற்பாடு இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை.

சில ஆண்டுகளிலேயே கடல் சாலையைத் தொட்டது. சாலையையும் கட்டடங்களையும் காப்பாற்ற, கரை நெடுகப் பாறைகளைக் கொட்டி சுவர் அமைத்தார்கள். ராக் பீச் பிறந்த கதை இதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நகரத்தின் மையப் பகுதி பெரிய சேதம் இல்லாமல் தப்பியதற்கு இந்தக் கல் அரணும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே நாளில் மீனவர் கிராமங்களும் காரைக்காலும் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும்.

இங்கே சென்னையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சங்கதி சட்டென்று புரியும். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபோது, இன்றைய மெரினா பக்கம் கடல் சாலைக்கு மிக அருகில் இருந்தது. துறைமுகச் சுவர் வந்ததும் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தார். இன்று நாம் பார்க்கும் அகன்ற மணல்வெளி பெரும்பாலும் துறைமுகம் கொடுத்த பரிசு. துறைமுகத்துக்கு வடக்கே இருந்த ராயபுரம், காசிமேடு பகுதிகளோ கடல் அரிப்பில் சிக்கின. ஒரே கடல், ஒரே நீரோட்டம், ஒரே மாதிரிச் சுவர்தான். மெரினா சுவருக்குத் தெற்கே இருந்ததால் மணல் கிடைத்தது. புதுச்சேரி கடற்கரைச் சாலை வடக்கே இருந்ததால் மணல் போனது.

திரும்பி வந்த கொஞ்சம் மணல்

புதுச்சேரியில் இதை விடாமல் பேசிக்கொண்டிருந்தது 'பாண்டிகேன்' என்ற குடிமக்கள் அமைப்பு. சூழலியல் ஆவணப்பட இயக்குநர் சேகர் தத்தாத்ரி எடுத்த, மறைந்துவரும் இந்தியக் கடற்கரைகள் பற்றிய படத்திலும் இந்தக் கதை இடம்பெற்றது. கடைசியில் சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தண்ணீருக்கு அடியில் செயற்கைத் திட்டு போட்டால், அலையின் வேகம் குறையும், மணல் தங்கும் என்பது கணக்கு. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, ஆப்பு வடிவத்தில் பிரம்மாண்ட இரும்புக் கட்டமைப்பைக் கடலில் இறக்கினார்கள்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. பல ஆண்டுகள் கருங்கல் மட்டும் இருந்த இடத்தில் மணல் வந்தது. 30 வயதுக்குக் கீழே இருக்கும் புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு, சொந்த ஊர் பீச்சில் மணலில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஆனால் கூடவே ஆபத்தும் வந்தது. மணலைப் பார்த்ததும் வெளியூர்க்காரர்கள் தண்ணீரில் இறங்குகிறார்கள். பாறையும் சுழலும் உள்ள இந்தக் கடலில் உயிர்கள் போயிருக்கின்றன. விடுமுறை நாட்களில் போலீசார் விசில் ஊதியபடியே நிற்பது அதனால்தான்.

இடையில் 2014 நவம்பரில் கனமழையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் மோடி திறந்துவைத்தார். பழைய துறைமுக அலுவலகம் 'லே கஃபே'யாக மாறி, காபி குடித்தபடி கடல் பார்க்கும் இடமாகிவிட்டது. கப்பல் சம்பந்தப்பட்ட கட்டடங்கள் ஒவ்வொன்றாக டூரிஸ்ட் இடங்களாகின. புத்தாண்டு இரவில் அந்தச் சாலையில் நிற்கவே இடம் கிடைக்காது.

வடக்கே என்ன நடக்கிறது?

நகரத்துக்குக் கல் அரண் போட்டதும் அரிப்பு நிற்கவில்லை. வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று மீனவர் பகுதிகளை அடுத்தடுத்து தொட்டது. மாசி மகத்தன்று மயிலம் முருகன் உட்பட சுற்றுவட்டாரத்து சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குவது வைத்திக்குப்பம் கடற்கரையில்தான். புதுச்சேரியின் உண்மையான பெருங்கூட்டத் திருவிழா அது. ஒரு மீனவருக்கோ மணல் என்பது படகு நிறுத்துமிடம், வலை காயப்போடும் களம், கருவாடு உலர்த்தும் இடம். கருங்கல்லில் எதையும் செய்ய முடியாது. கட்டுமரத்தைப் பாறை மேல் இழுக்க முடியாது.

அடுத்து தமிழ்நாட்டு எல்லை. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். நடுவில் பிள்ளைச்சாவடி புதுச்சேரிக்குச் சேர்ந்தது. இங்கெல்லாம் வீடுகளைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. ஓர் ஊரில் தூண்டில் வளைவு போட்டால் அந்த ஊருக்கு மணல் சேர்கிறது, அடுத்த ஊருக்கு அரிப்பு போகிறது. 'எங்க ஊருக்கும் போடுங்க' என்று சாலை மறியல் நடக்கிறது. விழுப்புரம் மாவட்ட அதிகாரிகள் ஒரு பக்கம், புதுச்சேரி அதிகாரிகள் ஒரு பக்கம்.

நகரத்துக்கான செயற்கைத் திட்டில் தெற்குப் பகுதிக்கும் ஒரு அமைப்பு திட்டமிடப்பட்டிருந்தது. அதைவிட முக்கியம், துறைமுக வாயில் சேரும் மணலை வாரி வடக்குக் கரைக்கு அனுப்பும் வேலை. தொடர்ந்து செய்தால்தான் அதற்குப் பலன் உண்டு. ஒரு முறை செய்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போகும் வேலை இல்லை. துறைமுக முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் விசைப்படகுகள் தரைதட்டும், அப்போது மீனவர்கள் போராடுவார்கள், உடனே தூர்வாருவார்கள். வாரிய மணலை எங்கே கொட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளைச்சாவடியில் அடுத்த மழைக்காலத்துக்கு எத்தனை வீடு நிற்கும் என்பது இருக்கிறது.